கால்சியத்தை எப்போது நிறுத்தினீர்கள்?

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் வந்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச், அதாவது தைராய்டு மாத்திரையின் அளவு போதுமா என்று காட்டும் எண், 2.1. தொடர்ந்து இரண்டாவது முறையாகச் சரியான அளவு, அதுவும் முதல் நாள் எழுதிக் கொடுத்த அதே 100 மைக்ரோகிராம் மாத்திரையில். நடுவில் ஏழெட்டு மாதம் நான் பட்ட பாட்டுக்கு மாத்திரையின் அளவு காரணமே இல்லை, அதை நான் சாப்பிட்ட விதம்தான் காரணம் என்பது இப்போது நன்றாகவே புரிகிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த மாதங்கள் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டிகள் இருந்தன. ஒன்று பெரிதாகி, விழுங்கும்போது ஏதோ தொண்டையில் நிற்பது போலவும் மல்லாந்து படுத்தால் மூச்சை யாரோ பிடிப்பது போலவும் இருந்தது. ஊசி வைத்து எடுத்த திசுவிலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை, அதனால் முழுச் சுரப்பியையும் எடுத்துவிடுவது என்று முடிவானது. எடுத்த பிறகு வந்த திசு அறிக்கையில் புற்றுநோய் இல்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய அன்று, இனி ஒரு மாத்திரையைத் தினமும் போட்டால் போதும், பெரிய கண்டம் தாண்டியாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து அழுதோம், சிரித்தோம்.

மாத்திரையைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு கால்சியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் பாராதைராய்டு என்று பொதுவாக நான்கு சின்னச் சுரப்பிகள் உண்டு. தைராய்டை எடுக்கும்போது இவற்றைப் பத்திரமாக விட்டுவிடத்தான் பார்ப்பார்கள், ஆனால் அவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் கொஞ்சம் பாதிக்கப்பட்டாலும் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ அவை வேலை செய்யாமல் இருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது இவைதான். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் இரவு என் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல ஆரம்பித்து, விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவது போல ஆனது. நர்ஸிடம் சொன்னதும் உடனே ரத்தம் எடுத்தார்கள், கால்சியம் குறைந்திருந்தது, ஏற்றினார்கள். இந்த அறிகுறி வந்தால் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். கை விரல்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் அது போகக்கூடும், இதயத்துடிப்பையும் பாதிக்கக்கூடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டு கொடுத்தார்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். காலைக் கட்டத்தில் தைராய்டு மாத்திரை, கால்சியம், அதோடு வைட்டமின் டி. மதியமும் இரவும் கால்சியம் மட்டும். தைராய்டு மாத்திரைக்குப் பக்கத்தில் 'வெறும் வயிற்றில்' என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு மூன்றையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குவேன், ஒரு கால் மணி நேரத்தில் பால் கலந்த காபி. சீட்டில் இருந்ததைத் துளியும் மாற்றாமல் செய்கிறோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

கால்சியம், தைராய்டு மாத்திரையில் இருக்கும் ஹார்மோனான தைராக்ஸினை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்ச வேண்டிய மருந்தில் ஒரு பகுதி கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டால்கூட இந்த மருந்தில் 70 முதல் 80 சதவீதம்தான் உடம்பில் சேரும் என்கிறார்கள், அப்படியிருக்க நான் கால்சியத்தையும் காபியையும் சேர்த்து அதிலிருந்து இன்னும் எவ்வளவு இழந்தேனோ. அந்தச் சீட்டில் 'காலை' என்பதற்குப் பதிலாக இரண்டு மாத்திரைக்கும் இரண்டு மணிகளை எழுதியிருந்தால் போதும். ஒரு வரி. அதைச் சொல்லாமல் விட்டது சின்ன விஷயம் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை, அதுதான் ஏமாற்றும். சுரப்பியை எடுத்தாலும் அது முன்பே சுரந்து ரத்தத்தில் விட்டிருந்த தைராக்ஸின், சுருக்கமாக டி4, உடனே காலியாவதில்லை, பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதில் பாதி குறைய இன்னொரு வாரம். அதனால் முதல் இரண்டு வாரம் தையல் வலியும் கழுத்து இறுக்கமும் தவிர நான் நன்றாகவே இருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் "ஒண்ணும் தெரியலை, மாத்திரை ஒத்துக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரத்துக்கு அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் கனக்க ஆரம்பித்தது. காலையில் கண் விழித்தால் தூங்கியதற்கான அடையாளமே இருக்காது. கண் இமைகள் வீங்கியிருக்கும். மற்றவர்கள் விசிறிக்கொண்டிருக்கும்போது நான் காலுறை போட்டுக்கொண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மலச்சிக்கல், தோல் வறண்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுவது, மாடிப்படி ஏறினால் தொடைச் சதை கெஞ்சுவது எல்லாம் வந்தது. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாமல் போனது மூளை மந்தமானதுதான். தெரிந்த சொல் நாக்கு வரைக்கும் வந்து நிற்கும், வாயில் வராது. அடுப்பை அணைத்தோமா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, பார்த்தோமா என்று மறுபடியும் சந்தேகம் வரும். ஒரு பத்தியை மூன்று முறை படித்தாலும் என்ன படித்தோம் என்று நிற்காது. என் வேலையே கணக்குகளைச் சரிபார்ப்பது, ஒரு நாள் ஒரே பக்கத்தை நான்கு முறை கூட்டி நான்கு விடை வந்தபோது கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்கா பார்க்க வந்தபோது, "உடம்பைத் தேத்திக்கணும்னா மனசுல கொஞ்சம் தெம்பு வேணும்டி, எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடந்தா எப்படி?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் தைராய்டு ஹார்மோன் குறைவது மனச்சோர்வு மாதிரியேதான் வெளியே தெரியும். முகத்தில் உணர்ச்சி இருக்காது, பேச்சு மெதுவாகும், எதிலும் பிடிப்பு இருக்காது. அது மனத்தின் பலவீனம் இல்லை, உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் போக வேண்டிய ஹார்மோன் போகவில்லை என்று அவளுக்குச் சொல்லத்தான் அன்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. வீட்டில் யாருக்காவது இந்த அறுவை சிகிச்சை நடந்திருந்தால் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரங்களில் அவர்கள் சோம்பேறித்தனத்தால் படுத்திருக்கவில்லை.

ஆறாவது வாரம் ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச் 11.4. பொதுவாக ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. இந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் ஆரம்பத்தில் நிறையக் குழம்பினேன், ஏனென்றால் இது தலைகீழாக ஓடும். டி.எஸ்.எச் தைராய்டு ஹார்மோன் இல்லை, அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்குப் போடும் உத்தரவு. ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் பிட்யூட்டரி 'இன்னும் சுரந்து கொடு' என்று கத்தும், எண் ஏறும். அதிகமானால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், எண் இறங்கும். என் உடம்பில் அந்த உத்தரவைக் கேட்கச் சுரப்பியே இல்லை, ஆனாலும் பிட்யூட்டரிக்கு அது தெரியாது, கத்திக்கொண்டேதான் இருக்கிறது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மாத்திரை போதுமா என்று கண்டுபிடிக்கிறார்கள்.

அன்று பார்த்த டாக்டர் அறிக்கையைப் பார்த்தார், 11.4 என்பதைப் பேனாவால் வட்டமிட்டார், 100-ஐ அடித்துவிட்டு 125 என்று எழுதினார். எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கும் அது சொல்ல வேண்டிய விஷயம் என்று தெரியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

பதின்மூன்றாவது வாரம் பார்த்தபோது 3.2. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் உண்மையாகவே கொஞ்சம் தெம்பு வந்திருந்தது, கண் வீக்கம் வடிந்திருந்தது, கணக்கு மறுபடியும் கணக்காகத் தெரிந்தது. கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் நன்றாக வந்துவிட்டன, இனிக் கால்சியம் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு மாதத்தில் நிறுத்திவிடலாம் என்றார் அறுவை சிகிச்சை செய்தவர். நிறுத்தினேன். ஒரு மாத்திரைப் பட்டை குறைந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

இதற்கிடையில் முடி. தலை சீவினால் சீப்பு நிறைய, குளித்தால் தண்ணீர் போகும் வழி அடைக்கிற அளவுக்குக் கொட்டியது. அறுவை சிகிச்சை, ஹார்மோன் மாற்றம் போன்ற பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும், அளவு நிலைப்பட்டதும் திரும்ப வளர்வதும் வழக்கம்தான் என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. பயந்துபோய் முடிக்கு நல்லது என்று யாரோ சொன்ன பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். இதுவும் பின்னால் ஒரு கேள்வியாக வந்து நின்றது.

கால்சியத்தை நிறுத்தி ஐந்தாறு வாரம் இருக்கும். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, இதயம் தொண்டையில் வந்து அடிப்பது போல இருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தேன், ஜன்னலைத் திறந்தேன், அடங்கவில்லை. காலையில் சரியாகிவிட்டது, சரி, ஏதோ கனவு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தது. அப்புறம் பகலிலும் வந்தது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும், கை அப்படி நடுங்கியது. குளிரில் போர்த்திக்கொண்டிருந்தவளுக்கு இப்போது உள்ளங்கை வியர்த்தது. சின்ன விஷயத்துக்கு மகன் மேல் எரிந்து விழுந்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்து நானே உடைந்து போனேன். எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது, அதைப் பார்த்து நல்லதுதான் என்று நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படபடப்பைப் பயம் என்று நினைத்தேன், வேலை அழுத்தம் என்று நினைத்தேன், தைராய்டாக இருக்கும் என்று மட்டும் நினைக்கவே இல்லை. ஏனென்றால் 3.2 என்று வந்து நார்மல் என்று சொல்லியாகிவிட்டதே. மாத்திரையும் அதே மாத்திரை. நான் எதையும் மாற்றவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

நாடித்துடிப்பு உட்கார்ந்திருக்கும்போதே 112 என்று வந்த அன்று கணவர் விடாப்பிடியாக அழைத்துப் போனார். இந்த முறை ஹார்மோன்களுக்கென்றே இருக்கும் மருத்துவர், எண்டோகிரைனாலஜிஸ்ட். முதலில் ஈ.சி.ஜி எடுத்தார்கள், துடிப்பு வேகமாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது. டி.எஸ்.எச் 0.07. பேனாவை எடுப்பார், 125-ஐ அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன சாப்பிடுறீங்க, ஒண்ணு விடாம வரிசையா சொல்லுங்க" என்றார்.

பயோட்டின் என்று சொன்னதும் நிறுத்தினார். பயோட்டின் அதிக அளவில் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச் உண்மையைவிடக் குறைவாகவும் டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டும், உடம்பில் ஒன்றும் ஆகியிருக்காது, பரிசோதனைதான் தவறாகப் படித்திருக்கும். இரண்டு நாளாவது விட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கோ அறிகுறிகளும் இருந்தன, இருந்தாலும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தார், துடிப்பைக் குறைக்க மட்டும் அந்த ஒரு வாரத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். 0.09 வந்தது. அப்போது பழைய காகிதங்களையெல்லாம் மேசையில் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கால்சியத்தை எப்போ நிறுத்தினீங்க?"

சொன்னேன். "அதுவரைக்கும் எப்போ சாப்பிட்டீங்க?" காலையில், தைராய்டு மாத்திரையோடு. அவர் தலையை ஆட்டினார், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

என் எடை 62 கிலோ. சுரப்பி முழுவதும் போனவர்களுக்கு ஆரம்ப அளவைப் பொதுவாகக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். பெருக்கிப் பாருங்கள், 99.2 வரும். அதாவது முதல் நாள் எழுதிய 100 சரியானதுதான். கால்சியம் அதில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்ததால் உடம்புக்குப் போதவில்லை, 11.4 ஆனது. அதைப் பார்த்து அளவைக் கூட்டினார்கள். கூட்டிய 125-லும் கால்சியம் தன் பங்கை எடுத்துக்கொண்டதால் மிஞ்சியது ஏறக்குறையச் சரியாக இருந்து 3.2 வந்தது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துக்கொண்டிருந்தது, அதற்குத்தான் நாங்கள் சந்தோஷப்பட்டோம். கால்சியத்தை நிறுத்தியதும் 125 முழுதாக உள்ளே போக ஆரம்பித்தது. மாத்திரையை நான் மாற்றவில்லைதான், ஆனால் என் உடம்புக்குப் போகும் அளவு மாறிவிட்டது. கணக்குப் பார்ப்பவள் நான், இந்தக் கணக்கை யாராவது ஒரு தடவை எழுதிக் காட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனது வலிக்கிறது. அளவு அதிகமாகவே வருடக்கணக்கில் ஓடினால் எலும்பு தேயும், இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு, எனக்குச் சில வாரங்களிலேயே பிடிபட்டது என் நல்ல காலம்.

மறுபடியும் 100. அப்புறம் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார். இந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. நாம் தலைவலி மாத்திரை பழகியவர்கள், போட்டால் ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். தைராக்ஸின் அப்படி இல்லை. அளவை மாற்றினால் ரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம், அதைப் பிட்யூட்டரி உணர்ந்து டி.எஸ்.எச் அடங்க அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டாவது வாரத்தில் படபடப்பு இன்னும் முழுதாகப் போகவில்லையே என்று நானாக மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா என்று கத்தியை எடுத்துவிட்டேன். உடைக்கவில்லை. போன் செய்து கேட்டேன், பொறுங்கள் என்றார்கள். உடைத்திருந்தால் எட்டாவது வாரம் வந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருந்திருக்காது. வந்தது 2.4.

இப்போது என் வழக்கம் இதுதான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மூடி வைத்திருப்பேன், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அலாரம், விழித்து மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கிவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பேன். காபியோ வேறு எதுவோ ஒரு மணி நேரம் கழித்துத்தான். எலும்புக்காக எடுக்கும் கால்சியம் இப்போது இரவில். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் எடுப்பவர்களுக்கும் இதே நான்கு மணி நேரக் கணக்குதான். அமிலச் சுரப்பையே குறைக்கும் மாத்திரைகள் வேறு வகை, மணி தள்ளிப் போட்டாலும் அவை உறிஞ்சுதலைப் பாதிக்கலாம், அவற்றை ஆரம்பித்தாலும் நிறுத்தினாலும் தைராய்டு பார்க்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அதிகாலையில் முடியாதவர்கள் இரவு, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன்பு எடுத்துக்கொள்ளலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் மாற்றுவதைச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். எதுவானாலும் ஒரே மாதிரி, தினமும்.

ஒரு நாள் மறந்துவிட்டால் பயப்பட வேண்டாம், ஒரு வார இருப்பு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஞாபகம் வந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆனால் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடவே கூடாது, நமக்கு உள்ளே சுரக்கும் இடமே கிடையாது. சமையலறையில் அடுப்புப் பக்கமும் குளியலறை அலமாரியிலும் மாத்திரையை வைக்காதீர்கள், சூடும் ஈரமும் இதைக் கெடுக்கும். மருந்துக் கடையில் வேறு கம்பெனி மாத்திரையை நீட்டினால், அளவு ஒன்றே என்றாலும், முடிந்த வரை பழைய கம்பெனியே கேளுங்கள், மாறித்தான் ஆக வேண்டுமென்றால் ஆறு வாரம் கழித்து ஒரு முறை டி.எஸ்.எச் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்குப் போகும் அன்று ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை போடுவது நல்லது, போட்ட சில மணி நேரம் டி4 கொஞ்சம் தூக்கலாகக் காட்டும். கர்ப்பமானால் தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆரம்ப வாரங்களிலேயே தேவை கூடிவிடும், குழந்தையின் மூளை வளர்ச்சி அதைச் சார்ந்திருக்கிறது.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் புற்றுநோய் என்று வந்தது. அவருடைய டி.எஸ்.எச்சை வேண்டுமென்றே 0.1-க்கும் கீழே வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்த உத்தரவைக் கேட்டு மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் வளரக்கூடாது என்பதற்காக. எல்லோருக்கும் அவ்வளவு குறைக்க மாட்டார்கள், திரும்ப வரும் அபாயத்தைப் பொறுத்து அவரவருக்கு ஒரு இலக்கு. ஒரு சமயம் அவருடைய எண்ணோடு என் எண்ணை ஒப்பிட்டு இருவரும் பயந்து போனோம். அவரவர் மருத்துவரிடம் 'என் இலக்கு எவ்வளவு, ஏன்' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது மேல்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆனால் குரல் களைத்துவிடுகிறது, உச்சத்தில் பாட முடிவதில்லை. குரல்வளை நரம்புகள் தைராய்டை ஒட்டியே போகின்றன, என்னுடையவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவருகின்றன. பிற்பகலில் சில நாள் சட்டென்று ஒரு சோர்வு வரும். நல்ல தைராய்டு டி4-ஓடு டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் கொஞ்சம் நேராகச் சுரக்கும், மாத்திரையில் இருப்பது டி4 மட்டும், அதை ஈரலும் சிறுநீரகமும் மற்ற திசுக்களும் டி3-ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். டி.எஸ்.எச் நார்மலாக இருந்தும் முழுத் தெம்பு வராதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி எல்லாம் பாருங்கள் என்று கேளுங்கள். எனக்கு இரும்புச்சத்து குறைவாக இருந்தது, அதைச் சரிசெய்ததும் பாதிச் சோர்வு போனது.

இந்த மாத்திரை மேல் எனக்குக் கோபமாக இருந்த நாட்களில் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் தைராய்டு அறுவை சிகிச்சையில் கைதேர்ந்தவர், அவரே 1883-இல், முழுச் சுரப்பியையும் எடுத்தவர்கள் வீங்கி, மந்தமாகி, பேச்சு தடித்துத் திரும்பி வருவதைக் கண்டு வெளிப்படையாக எழுதினார். அன்று அவர்களுக்குக் கொடுக்க எதுவுமே இல்லை. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே ஆட்டுத் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை, தைராய்டு செயலிழந்து வீங்கிப்போயிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார், அவர் தேறி இன்னும் 28 வருடம் வாழ்ந்தார். 1914 டிசம்பர் 25 அன்று எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார், 1927-இல் அதை ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கோக்கரிடம் திரும்பி வந்த அந்த மனிதர்களுடைய மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அவர்களுக்கு அது கடைசி வரை அப்படியே போயிருக்கிறது. அதைப் படித்த இரவு மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் மகளுக்கு இதே அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பெண் தன் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, "அத்தை, எல்லாம் சரியா இருக்கா, பாருங்க" என்று கேட்டாள். பெரிதாக்கிப் பார்த்தேன். காலைக் கட்டத்தில் இரண்டு மாத்திரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உடனே போன் போட்டு, மருத்துவமனைக்குக் கூப்பிட்டு இரண்டையும் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கேள், கால்சியத்தைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் தைராய்டு பார்ப்பவரிடம் சொல்ல வேண்டுமா என்றும் கேள் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து இன்னொரு படம் வந்தது. அதே சீட்டில், அவளுடைய கையெழுத்தில், தைராய்டு மாத்திரைக்கு நேராக '6 மணி' என்றும் கால்சியத்துக்கு நேராக '11 மணி' என்றும் எழுதியிருந்தாள்.